தட்டுச் சத்தம் கேட்காத வீடு

சகோதரிகளே, பொக்ரான் என்றதும் உங்களுக்கெல்லாம் 1974-லும் 1998-லும் நடந்த அணுகுண்டுச் சோதனைதானே ஞாபகம் வரும்? எனக்கும் அப்படித்தான். என்னவருக்கு அங்கே மாற்றல் என்று ஆர்டர் வந்ததும், "ஐயையோ, அங்கேயா!" என்று அலறிவிட்டேன். போய்ப் பார்த்தால் அப்படி ஒரு அமைதியான ஊர்! ஜோத்பூரிலிருந்து ஜெய்சல்மேர் போகிற வழியில், தார் பாலைவனத்தில், ஒரு பழைய கோட்டை, ஒரு கடைத்தெரு, மண்பாண்டம் செய்கிறவர்கள் தெரு. மத்தியான வெயிலில் ஆடுகள்தான் நடமாடும். 2011 கணக்கெடுப்பில் ஜெய்சல்மேர் மாவட்டத்தில் சதுர கிலோமீட்டருக்கு 17 பேர்தான். நம் தமிழ்நாட்டில் 555!

நான் முதலில் கற்றுக்கொண்டது தண்ணீர்ச் சிக்கனம். அங்கே பல வீடுகளில் 'டாங்கா' என்று தரைக்கடியில் தொட்டி கட்டி மழைத் தண்ணீரைச் சேர்த்து வைப்பார்கள். பக்கத்து வீட்டு மாஜி அதற்குப் பூட்டே போட்டிருந்தார். நாம் நகைக்குப் போடுவதைப் போல! இந்திரா காந்தி கால்வாய் வந்து, குழாய் வந்த பிறகும் அவருக்குப் பழக்கம் போகவில்லை. பாத்திரத்தை மணல் போட்டுத் தேய்த்துத் துணியால் துடைத்து விடுவார். காய் கழுவிய தண்ணீர் ஆட்டுக்கு. குழாயைத் திறந்துவிட்டுப் பேசிக்கொண்டே பாத்திரம் கழுவும் எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

அந்த மாஜியின் மருமகளுக்கு மூன்றாவது பிரசவம். மூத்தது இரண்டும் பெண். அந்தப் பக்கத்தில் ஆண் குழந்தை பிறந்தால் வெண்கலத் தட்டைத் தட்டித் தெருவுக்கே சொல்வார்கள். நானும் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தேன். சத்தமே வரவில்லை. மூன்றாவதும் பெண்தான் என்று புரிந்துபோயிற்று.

அந்த மாவட்டத்தில் அதே கணக்கெடுப்பில் 1000 ஆண்களுக்கு 852 பெண்கள்தான். வேலைக்கு வந்து தங்கும் வெளியூர் ஆண்களும் இதில் சேர்த்திதான். ஆனால் குழந்தைகளை மட்டும் எண்ணினாலும் பெண்கள் குறைவே.

ரவையும் நெய்யும் எடுத்துக்கொண்டு பார்க்கப் போனேன். குழந்தை ரோஜாப்பூ மாதிரி இருந்தது. தாய்க்கோ உதடு வெடித்திருந்தது. பிள்ளை பெற்றவள் நிறையத் தண்ணீர் குடிக்கக் கூடாதாம்! ஆனால் கோடையாயிற்றே என்று பச்சைக் குழந்தைக்கு வெல்லத் தண்ணீர் புகட்டிக்கொண்டிருந்தார் மாஜி. முறை தலைகீழ். எத்தனை வெயிலானாலும் ஆறு மாதம் வரை தாய்ப்பாலே போதும், சொட்டுத் தண்ணீர்கூடத் தேவையில்லை. தண்ணீர் வேண்டியது தாய்க்குத்தான்.

"மாஜி, குழந்தைக்குக் கொடுப்பதை இவளுக்குக் கொடுங்கள்" என்றேன் எனக்குத் தெரிந்த அரைகுறை ஹிந்தியில். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மறுநாள் சுகாதார ஊழியப் பெண் வந்து அதையே சொன்ன பிறகுதான், ஒரு சொம்பு மோர் மருமகள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது. பத்தாம் நாள் மாஜியே என்னைக் கூப்பிட்டு, "பார், கன்னம் வைத்திருக்கிறது" என்று காட்டினார்.

எங்களுக்கு மறுபடி மாற்றலாகி வந்தாயிற்று. போன மாதம் போன் செய்தேன். சின்னது பள்ளிக்கூடம் போகிறதாம். மூத்தவளைத்தான் எட்டாவதோடு நிறுத்தப் பார்க்கிறார்கள். "பக்கத்தில் படிக்கிற வரை படித்தாளே, போதாதா?" என்கிறார் மாஜி. இந்த வாரம் மறுபடியும் பேசப் போகிறேன்.