பங்குக் கிணறும் நம் பங்கும்

சென்ற வாரம் உயர்தர வகுப்பிலே காலநிலை மாற்றம் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். பின்வரிசை மாணவன் ஒருவன் எழுந்து, "அமெரிக்காவில் ஒருவர் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 14 தொன் காபனீரொட்சைட்டை வெளிவிடுகிறார், இலங்கையில் ஒருவருக்குரிய கணக்கு ஏறத்தாழ 1 தொன்னே. நாங்கள் மின்விசிறியை நிறுத்திவிட்டு வியர்வையில் நனைந்தால் உலகம் குளிர்ந்துவிடுமா?" என்று வினவினான். வகுப்பு நகைத்தது; நாமும் நகைத்தோம். ஆயினும் அக்கேள்வி வீடுவரை எம்முடன் வந்தது. குளிரூட்டி வாங்குவதா, வேண்டாமா என்ற வழக்கு எம் வீட்டிலே சித்திரை தொட்டு நடந்து வந்தமையே அதற்குக் காரணம்.

மாணவனின் கணக்குப் பிழையன்று. கைத்தொழிற் புரட்சிக்கு முன் வளியிலே பத்து இலட்சத்துக்கு ஏறத்தாழ 280 பங்காயிருந்த காபனீரொட்சைட்டு, 2024 இல் 420 ஐத் தாண்டியிருந்தது. அதனை ஏற்றியவர்கள் யாழ்ப்பாணத்துக் கமக்காரர் அல்லர். பெரும்பங்கு எடுத்தவரே பெரும்பங்கு குறைத்தல் வேண்டும், அதுவே நீதி. இவ்வுண்மையை மறைத்துவிட்டு மாணவருக்குச் சிக்கனம் போதிப்பது அறமாகாது.

அவ்வாறாயின் நாம் வாளாவிருக்கலாமோ? இவ்விடத்தில் எம் வளவுக் கிணறு நினைவுக்கு வருகின்றது. அது நான்கு குடும்பத்தாருக்குரிய பங்குக் கிணறு. துலாவும் பட்டையும் இருந்த காலத்தில் முறை வைத்து இறைத்தார்கள். இறைக்க இறைக்கக் கிணறு ஊறும் என்பது முன்னோர் வாக்கு. அது பொய்யன்று, மனிதத் தோளின் வலிமை அளவுக்கு அது மெய். இயந்திரம் வந்ததும் அவ்வளவு மறைந்தது.

குடாநாட்டிலே வற்றாத ஆறு இல்லை. சுண்ணக்கல்லினுள்ளே மழைநீர், உவர்நீரின்மேல் மிதந்து நிற்கின்றது. கடல்மட்டத்துக்கு மேல் 1 அடி நன்னீர் நின்றால் அதன்கீழ் ஏறத்தாழ 40 அடிக்கு நன்னீர் இருக்கும் என்பது நீரியலார் கணக்கு. ஆகவே மேலே 1 அடி குறைந்தால், நாளடைவில் கீழிருந்து உவர் 40 அடி ஏறும். கடலோ 1901 முதல் 2018 வரை உலகளவில் ஏறத்தாழ 8 அங்குலம் உயர்ந்துள்ளது.

2017 ஆம் ஆண்டு வரட்சியிலே எம் கிணறு உவர்த்தது. அவ்வாண்டு எம் முறை முடிந்த பின்னரும் வாழைக்கு இறைத்துக்கொண்டிருந்தவர் வேறெவருமல்லர், நாமே. "தம்பி, தண்ணி உப்புக் கரிக்குது" என்று முதலில் வந்து சொன்னவர், அக்கிணற்றில் வாளியால் அள்ளிக் குடிக்கும் மூதாட்டியார். அவரிடம் இயந்திரமே இல்லை.

வளிமண்டலமும் ஒரு பங்குக் கிணறே. உலகக் கணக்கிலே நாம் வாளிக்காரர். எம் ஒழுங்கையிலோ இயந்திரக்காரர். இலங்கையருக்கு 1 தொன் என்ற சராசரிக்குள்ளே தகரக் கொட்டிலில் வாழ்பவரும் உளர், வீடு முழுவதும் குளிரூட்டி பூட்டியவரும் உளர். ஏழையின் கணக்கைக் காட்டி வசதியுள்ளவர் தப்பித்துக்கொள்ளலாகாது.

"எல்லாம் விதி" என்பார் சிலர், "என் ஒருவனால் என்ன ஆகும்?" என்பார் வேறு சிலர். சொற்கள் வேறாயினும் இருசாராரின் கைகளும் சும்மாதான் இருக்கின்றன. பயன் கருதாது கடனாற்றுக என்று நம் பெரியோர் கூறியது இத்தகைய வேளைக்கே பொருந்தும். எனினும் அதனை விரதம்போற் காட்டிப் பெருமை கொள்ள வேண்டுவதில்லை.

எம் வீட்டு வழக்கும் சென்ற ஞாயிறு தீர்ந்தது. கடும் வெப்பம் முதியோர் உயிருக்கு ஊறு செய்யும். ஆதலின் தாயாரின் அறைக்கு மாத்திரம் ஒரு குளிரூட்டி. ஏனையோர் மின்விசிறியோடு அமைவது. மேற்குச் சுவரோரம் ஒரு வேப்பங்கன்று நட்டோம். அது நிழல் தருவதற்கு ஆண்டுகள் பல செல்லும். மகனுக்குத் தீர்ப்பில் முழு உடன்பாடில்லை.

வினா எழுப்பிய மாணவனுக்கு எம் விடை இதுவே: தம்பி, நீ மின்விசிறியை நிறுத்துவதால் உலகம் குளிராது. ஆயினும் பிறர் பங்கைக் கேட்க எழுபவன் தன் பங்கை அளந்திருத்தல் வேண்டும். அடுத்த வகுப்புக்கு வரும்போது, கயிறு விட்டு அளந்த உன் கிணற்று நீரின் ஆழத்தையும், சென்ற மாத மின்சாரப் பட்டியலையும் குறித்து வா. அதன்பின் அமெரிக்காவின் கணக்கைச் சேர்ந்திருந்து பார்ப்போம்.