வயலின் பெட்டி

கார்ட்டூன்தானே, குழந்தைகளோடு உட்கார்ந்து பார்க்கலாம் என்று ‘கன்ஸ்லிங்கர் கேர்ள்’ பக்கம் போய்விடாதீர்கள். 2003-ல் வந்த ஜப்பானிய அனிமே தொடர், 13 எபிசோட். கதை நடப்பது இத்தாலியில். குடும்பமே கொலையுண்டு, குற்றுயிராய்ப் பிழைத்த ஹென்ரியெட்டா என்ற சிறுமிக்குச் செயற்கை உறுப்புகள் பொருத்தி, மருந்தால் பழைய நினைவை அழித்து, கையில் துப்பாக்கி தருகிறார்கள். தருகிற அரசு அமைப்பின் பெயர் என்ன தெரியுமா? சமூக நலக் கழகம்!

அவளுக்கு ஜோசே என்று ஒரு பாதுகாவலர். வயலின் வாங்கித் தருகிறார், நட்சத்திரம் காட்டுகிறார். ஸ்பை த்ரில்லர், சயன்ஸ் ஃபிக்‌ஷன், அண்ணன்-தங்கை பாசம் மூன்றையும் குழைத்துக் கொடுத்ததில் ரசிகர்கள் உருகிப்போகிறார்கள்.

பாசமாவது, மண்ணாவது! அவளுக்கு அவர் மேல் வருகிற பிரியத்திலேயே மருந்து கலந்திருக்கிறது. மருந்து ஏற ஏற ஆயுள் குறையும், ஞாபகம் போகும். ஆஞ்செலிகா என்ற இன்னொரு சிறுமிக்கு, அவளுடைய பாதுகாவலர் மார்கோ ஆசையாய்ச் சொன்ன கதையே மறந்துவிடுகிறது. மனிதர் மனசு விட்டுப்போய் ஒதுங்கிக்கொள்கிறார்.

இயக்குநர் மோரியோ அசாகா சண்டையைக் குறைத்து மௌனத்தைக் கூட்டியிருக்கிறார். அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த அழகெல்லாம் ஜோசேவுக்கு வக்காலத்து வாங்கவா? சிறுமியைக் கொலைக்கு அனுப்பிவிட்டு வருத்தப்படுகிறவருக்காக நாம் ஏன் வருத்தப்பட வேண்டும்? உறுத்துகிறதா, வேலையை விடட்டுமே. வயலின் வாங்கித் தந்தாராம்! வயலின் பெட்டிக்குள் அவள் தூக்கிக்கொண்டு போவது துப்பாக்கி.