ரஜூலா கதையை ஸ்பானிஷில் சொல்லிப் பாருங்கள்

பினாங்கின் பழைய தமிழ்க் குடும்பங்களில் ரஜூலா கப்பலை அறியாதவர் குறைவு. 1926இல் ஓடத் தொடங்கி 1973இல் ஓய்ந்த அந்தக் கப்பல், சென்னையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் தலைமுறை தலைமுறையாக ஆட்களை இங்கே கொண்டுவந்து இறக்கியது. ஸ்பானிஷ் வினைகளோடு மல்லாடும் ஜார்ஜ்டவுன் இளைஞர்களுக்கு, தாத்தா சொன்ன அந்தக் கதையைவிட நல்ல பயிற்சி கிடைக்காது.

ஸ்பானிஷில் கதை சொல்ல இரண்டு இறந்தகாலங்கள் வேண்டும். கப்பல் புறப்பட்டது, ஒருவர் விழுந்தார் என்று நடந்து முடிந்தவற்றுக்கு ஒன்று: 'சலியோ', 'கயோ'. டெக்கில் சனங்கள் பாடிக்கொண்டிருந்தார்கள் என்று அப்போதைய சூழலைக் காட்ட மற்றொன்று: 'காந்தாபான்'. வழக்கமாக நடந்ததற்கும் இந்த இரண்டாவதே.

மலாயில் 'டாத்தாங்' என்ற வினை நேற்றைக்கும் நாளைக்கும் மாறுவதில்லை. 'செமாலம்', 'டுலு' போன்ற சொற்களே காலத்தைக் காட்டிவிடும். ஆகவே இங்கே கைகொடுப்பது தமிழ்தான். "தாத்தா அப்பல்லாம் மார்க்கெட் ஸ்திரீட் கடைக்கு நடந்தேதான் போவாரு" என்கிறோம். வடிவம் எதிர்காலம், பொருளோ பழைய வழக்கம். அந்தப் 'போவாரு' ஸ்பானிஷில் 'ஈபா'. "அன்னிக்கு மட்டும் ரிக்‌ஷாவுல போனாரு" என்றால் 'ஃபுவே'. வேறுபாடு நம் நாக்கிலேயே இருக்கிறது. புதிதாகக் கற்க வேண்டியது வடிவங்களை மட்டுமே.

தமிழ் கைவிடும் இடமும் உண்டு. 'இருந்தது' என்ற ஒரே சொல்லால் நாம் எல்லாவற்றையும் முடித்துவிடுகிறோம். கடல் கொந்தளிப்பாக இருந்தது என்று அந்த நேரத்துக் காட்சியைச் சொன்னால் 'எஸ்தாபா'. பயணம் கடினமாக இருந்தது என்று முழுப் பயணத்தையும் முடித்துச் சொன்னால் 'ஃபுவே'. பாட்டியைத் தாத்தாவுக்கு ஏற்கெனவே தெரியும் என்றால் 'கோனோசியா'. கப்பலில்தான் முதன்முதலாகப் பார்த்துப் பழகினார் என்றால் 'கோனோசியோ'. ஒரே வினை, காலம் மாறினால் ஒரு குடும்பத்தின் வரலாறே மாறுகிறது!

சூழலைக் காட்டும் காலத்தில் ஒழுங்கு மீறும் வினைகள் மூன்றே: 'ஏரா', 'ஈபா', 'பெயியா'. மனப்பாடம் முழுக்க மற்றதில்தான். அட்டவணையை உருப்போடுவதைவிட, ஒரு கதையைப் பத்து வரியில் எழுதினால் அவை வேகமாகப் படியும்.

ரஜூலாவில் கைக்குழந்தையாக வந்தவர்களுக்கே இன்று ஐம்பது வயது தாண்டிவிட்டது. வீட்டுப் பெரியவரிடம் இந்த வாரமே கதையைக் கேளுங்கள். முதலில் தமிழில் எழுதிவையுங்கள், பிறகு ஸ்பானிஷில்.