லாரி மறியலும் வங்கிக் கணக்கும்

போராட்ட உரிமைக்கு எல்லை உண்டா என்ற வினா நம் சங்கத்துச் சொற்போர்களில் எழும்போதெல்லாம் நான் கனடாவைச் சுட்டுவதுண்டு. லாரிக்காரர் கலகத்தில் மாணவர்க்கு என்ன வேலை என்று நண்பர் சிலர் நகைப்பர். நகைக்கட்டும்.

அமெரிக்க எல்லையைக் கடந்து வரும் லாரி ஓட்டுநர்கள் கொரோனாத் தடுப்பூசி போட்டிருத்தல் வேண்டும், இன்றேல் தனித்திருத்தல் வேண்டும் என்ற விதி 2022 ஜனவரி 15 அன்று அங்கு நடைமுறைக்கு வந்தது. அதை எதிர்த்துத் திசைதோறுமிருந்து அணிவகுத்து வந்த லாரிகள், தலைநகர் ஒட்டாவாவின் தெருக்களை மூன்று வாரங்கள் அடைத்து நின்றன. இரவு பகலாய் ஹாரன் ஓசை! அதை நிறுத்தக் குடியிருந்தோர் நீதிமன்றத்தில் தடையாணை பெற வேண்டியதாயிற்று.

அவர்களுடைய கோரிக்கை எனக்கு உடன்பாடன்று. ஓட்டுநருள் பெரும்பாலோர் ஏற்கெனவே ஊசி போட்டுக்கொண்டவர்கள். அயலான் உறக்கத்தைப் பறிப்பது உரிமையுமன்று. கொடி பிடித்தவன் கை சலித்தால் வீடு திரும்புவான், லாரி சலிப்பதில்லை. அதை இழுத்துச் செல்லவும் வண்டிக்காரர் பலர் மறுத்துவிட்டனர்.

நிற்க. பிப்ரவரி 14 அன்று கனடா அரசு, 1988-இல் இயற்றி அதுவரை ஒருமுறையும் தொடாத நெருக்கடிநிலைச் சட்டத்தைக் கையிலெடுத்தது. நீதிமன்ற ஆணையின்றியே வங்கிக் கணக்குகளை முடக்க வழிசெய்தது. 200-க்கும் மேற்பட்ட கணக்குகள் முடங்கின. கூட்டுக் கணக்காயின், மறியற் பக்கமே போகாத மனைவிக்கும் அடுப்பெரியாது! இத்தனைக்கும், இரு நாட்டு வாணிபத்தின் உயிர்நாடியான அம்பாசிடர் பாலத்து மறியலைப் போலீசார் சாதாரணச் சட்டத்தைக் கொண்டே முதல்நாள் அகற்றியிருந்தனர்.

2020-இல் நம் உழவர்கள் டில்லி எல்லையில் டிராக்டர்களோடு அமர்ந்தபோது, அமைதியான போராட்ட உரிமையைக் கனடா என்றும் காக்கும் என்றவர் அன்றைய பிரதமர் ஜஸ்டின் ட்ரூடோ. நம் அரசு அதைக் கண்டித்தது. பதினான்கு மாதங்களில், தம் வீட்டு வாசலில் வண்டிகள் நின்றபோது, அவரே பூட்டைத் தேடினார். பிறர் வீட்டுப் போராட்டத்தைப் போற்றுவது எளிது போலும்!

நம்முள் பலருக்கு உதவித்தொகை வந்து சேரும் கணக்கு ஒன்றே ஒன்று. நாளை நாமும் கட்டண உயர்வை எதிர்த்து வாயிலில் அமர்ந்தால், தடியைவிட இப்பூட்டுக்கே நான் அஞ்சுவேன்.

2023-இல் விசாரணை ஆணையம் அரசின் செயலைத் தயக்கத்தோடு ஏற்றது. 2024 ஜனவரியில் கனடாவின் கூட்டாட்சி நீதிமன்றமோ அதை நியாயமற்றது என்றது. நான் நீதிமன்றத்தின் பக்கம். மறுப்போர் அடுத்த இதழில் எழுதுக.