மிசூரி வாக்காளர்கள் நிராகரிக்க வேண்டிய திருத்தம்

அமெரிக்க ஐக்கிய நாட்டின் ஐம்பது மாநிலங்களில் ஏறத்தாழப் பாதியில், சட்டம் இயற்றும் அதிகாரம் சட்டமன்றத்துக்கு மட்டுமே உரியதாக இல்லை. குறிப்பிட்ட விழுக்காட்டு வாக்காளர்கள் கையொப்பமிட்டு ஒரு சட்ட வரைவை முன்வைத்தால், அது வாக்குச்சீட்டில் இடம்பெற்று, பெரும்பான்மையோர் ஆதரிக்கும்போது சட்டமாகிவிடும். மக்கள் முன்முயற்சி எனப்படும் இந்த முறையை, இரயில்வே முதலிய பெருநிறுவனங்களின் செல்வாக்கில் மாநிலச் சட்டமன்றங்கள் சிக்கியிருந்த காலத்தில், 1898-இல் தெற்கு டகோட்டா முதன்முதலாக ஏற்றது. 1908-இல் மிசூரி ஏற்றது. இந்திய அரசமைப்பில் இதற்கு இணையான ஏற்பாடு இல்லை. நூற்றாண்டுக்கு மேலாக மிசூரி மக்கள் கையாண்டுவரும் இந்த உரிமையைப் பெயரளவில் மட்டும் விட்டுவைக்கும் திருத்தம் ஒன்றை அம்மாநிலச் சட்டமன்றம் 2025 செப்டம்பரில் நிறைவேற்றி, 2026-இல் வாக்காளர்கள் முடிவு செய்யும்படி விட்டிருக்கிறது. அது நிராகரிக்கப்பட வேண்டும்.

மக்கள் முன்மொழியும் அரசமைப்புத் திருத்தம் நிறைவேற, மாநிலம் முழுவதிலும் பெரும்பான்மை பெற்றால் போதும் என்பது இப்போதைய விதி. புதிய திருத்தமோ, மிசூரியின் எட்டு நாடாளுமன்றத் தொகுதிகளில் ஒவ்வொன்றிலும் தனித்தனியே பெரும்பான்மை வேண்டும் என்கிறது. எட்டுத் தொகுதிகளிலும் வாக்களிப்போர் எண்ணிக்கை ஏறத்தாழ ஒன்றாக இருப்பதாகக் கொண்டால், ஒரே ஒரு தொகுதியின் வாக்காளர்களில் பாதிப் பேருக்குச் சற்று அதிகமானோர், அதாவது மாநிலம் முழுவதிலும் வாக்களித்தோரில் பதினாறில் ஒரு பங்கினர், எஞ்சிய அனைவரும் விரும்பும் ஒன்றைத் தடுத்துவிடலாம். சிறுபான்மையினரின் பாதுகாப்பு என்று இதைச் சொல்ல இயலாது. ஆறு விழுக்காட்டினரின் விருப்பத்துக்கு மற்றவர்கள் அடங்கிப்போக வேண்டும் என்பதே இதன் பொருள். தொகுதி எல்லைகளை வகுப்பதும் அதே சட்டமன்றம்தான். இந்தத் திருத்தத்தை நிறைவேற்றிய அதே சிறப்புக் கூட்டத்தொடரில் அது நாடாளுமன்றத் தொகுதிகளின் எல்லைகளை மாற்றியமைத்தது என்பதை இத்துடன் சேர்த்தே பார்க்க வேண்டும்.

சட்டமன்றம் தானே முன்மொழியும் திருத்தங்களுக்கு இந்தக் கட்டுப்பாடு பொருந்தாது. அவற்றுக்குப் பழைய எளிய பெரும்பான்மையே போதும். அந்த வேறுபாடு எப்படிப் பயன்படும் என்பதை மிசூரியின் அண்மை வரலாறே காட்டுகிறது. தொகுதி வரையறையைக் கட்சிச் சார்பிலிருந்து விலக்கும் நோக்குடன் 2018-இல் மக்கள் முன்மொழிந்த திருத்தம் 62 விழுக்காட்டு ஆதரவுடன் நிறைவேறியது. இரண்டே ஆண்டுகளில் சட்டமன்றம் முன்வைத்த எதிர்த்திருத்தம் ஏறத்தாழ 51 விழுக்காட்டுடன் அதன் மையப் பகுதியை நீக்கியது. புதிய விதி வந்தால், 62 விழுக்காடு பெற்ற மக்களின் திருத்தம் ஒரு தொகுதியில் தோற்றாலும் வீழ்ந்துவிடும். சட்டமன்றத்தின் 51 விழுக்காடு என்றும் போல் வெல்லும்.

இத்திருத்தத்தை ஆதரிப்போர் கூறும் காரணங்களில் ஒன்று கவனத்துக்குரியது. அரசமைப்புச் சட்டம் என்பது ஆட்சியின் அடிப்படைகளை வகுக்கும் ஆவணம், அன்றாடக் கொள்கைகளை அதில் திணிப்பது அதன் இயல்பைக் கெடுக்கும் என்று அவர்கள் கூறுகின்றனர். கூற்று சரியானதே. ஆனால் மிசூரி மக்கள் அன்றாடக் கொள்கைகளுக்கும் அரசமைப்பை நாடுவது ஏன்? முன்முயற்சியின் வழியே சாதாரணச் சட்டம், அரசமைப்புத் திருத்தம் ஆகிய இரண்டையும் அவர்கள் கொண்டுவரலாம். எட்டில் ஆறு தொகுதிகளில் திரட்ட வேண்டிய கையொப்பங்கள், கடந்த ஆளுநர் தேர்தலில் பதிவான வாக்குகளில் சாதாரணச் சட்டத்துக்கு 5 விழுக்காடு, திருத்தத்துக்கு 8 விழுக்காடு. எளிய வழி சாதாரணச் சட்டமே. ஆயினும் சட்டமன்றம் அதை மறுநாளே ரத்து செய்யலாம். குறைந்தபட்ச ஊதியத்தை உயர்த்தி, ஊதியத்துடன் கூடிய நோய் விடுப்பை உறுதிசெய்த சட்டத்துக்கு 2024 நவம்பரில் ஏறத்தாழ 58 விழுக்காட்டு வாக்காளர்கள் ஒப்புதல் அளித்தனர். 2025 மே மாதம் நடைமுறைக்கு வந்த அந்த விடுப்புரிமையைச் சட்டமன்றம் நீக்கியதால், அது ஆகஸ்ட் இறுதியிலேயே முடிவுக்கு வந்தது. வருவாய் குறைந்தோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிக்கெய்டை விரிவாக்க வாக்காளர்கள் 2020-இல் எடுத்த முடிவுக்கும் சட்டமன்றம் நிதி ஒதுக்க மறுத்தது. ஆனால் அது அரசமைப்பில் இடம்பெற்றிருந்ததால், 2021-இல் மாநில உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அதைக் காப்பாற்றியது. சாதாரணச் சட்டம் நான்கு மாதமே உயிர்வாழ்ந்த இடத்தில் அரசமைப்புத் திருத்தம் நிலைத்தது என்றால், மக்கள் எந்த வழியைத் தேர்வார்கள் என்பதில் வியப்பில்லை. அரசமைப்பு நிரம்பி வழிகிறது என்று குறைகூறும் சட்டமன்றமே அந்நிலையை உருவாக்கியிருக்கிறது.

மக்கள் முன்முயற்சி குறையற்றது என்று வாதிடுவது நேர்மையாகாது. வீட்டு வசதியில் இனப் பாகுபாட்டைத் தடுத்த சட்டத்தை 1964-இல் கலிபோர்னியா வாக்காளர்களே பெருவாரியாக நீக்கினர். அந்த முடிவு செல்லாது என்பதை 1967-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. செயலி வழி வாடகைக்கார் நிறுவனங்களும் உணவு விநியோக நிறுவனங்களும் 2020-இல் அதே மாநிலத்தில் 20 கோடி டாலருக்கு மேல் செலவிட்டு, தங்கள் ஓட்டுநர்களைப் பணியாளர்களாகக் கருதாத சட்டத்தை வென்றெடுத்தன. முதல் தீங்குக்கு நீதிமன்றமும் கூட்டாட்சி அரசமைப்பும் காவலாக நிற்கின்றன; இரண்டாவதற்குப் பணம் வரும் வழியை முழுமையாக வெளிப்படுத்தும் சட்டம் வேண்டும். ஒவ்வொரு தொகுதியிலும் வெல்ல வேண்டும் என்ற விதி இவ்விரண்டில் எதையும் தீர்க்காது. பெரும்பணம் உள்ளவர்கள் ஒரே தொகுதியில் தங்கள் செலவைக் குவித்தால் போதும் என்ற நிலையையே அது உருவாக்கும். வெளிநாட்டு நன்கொடைத் தடை, கையொப்ப மோசடிக்குத் தண்டனை போன்ற வரவேற்கத்தக்க பிரிவுகளும் மிசூரித் திருத்தத்தில் உள்ளன. அவற்றைத் தனியாகக் கொண்டுவந்திருக்கலாம்.

சரியான மாற்று வேறு மாநிலங்களில் நடைமுறையில் இருக்கிறது. மக்கள் இயற்றிய சட்டத்தை அரிசோனா சட்டமன்றம் ரத்து செய்ய முடியாது. திருத்த விரும்பினால் நான்கில் மூன்று பங்கு உறுப்பினர்களின் ஆதரவு வேண்டும், திருத்தமும் அச்சட்டத்தின் நோக்கத்தை முன்னெடுப்பதாக இருக்க வேண்டும். 1998-இல் வந்த அந்தப் பாதுகாப்பும் மக்கள் முன்முயற்சியால் பெற்றதே. நெப்ராஸ்காவில் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு தேவை. இத்தகைய காப்பு மிசூரியில் இருந்தால், நோய் விடுப்பு போன்றவற்றுக்கு அரசமைப்பை நாட வேண்டிய தேவையே எழாது. அரசமைப்பின் மாண்பைக் காப்பதே சட்டமன்றத்தின் உண்மையான கவலை என்றால் அது முன்மொழிந்திருக்க வேண்டியது இதைத்தான்.

வாக்குச்சீட்டில் இடம்பெறும் சில வகை முன்மொழிவுகளுக்கான வாக்கு வரம்பை 60 விழுக்காடாக உயர்த்த முயன்ற திட்டங்களை 2022-இல் தெற்கு டகோட்டாவிலும் 2023-இல் ஒஹாயோவிலும் வாக்காளர்கள் தோற்கடித்தனர். அவற்றைவிடக் கடுமையான தடை இப்போது மிசூரி வாக்காளர்கள் முன் வருகிறது. இன்றைய விதிப்படி அத்திருத்தத்தை வீழ்த்த எளிய பெரும்பான்மையே போதும். அந்தப் பலம் கையில் இருக்கும்போதே அவர்கள் அதற்கு எதிராக வாக்களிக்க வேண்டும்.