நாளை திருத்தப்போகிறவருக்கும் புரிய வேண்டும்

அமெரிக்க மத்திய வங்கியின் தலைவராக இருந்த ஆலன் கிரீன்ஸ்பான், 1998இல் செனட் குழு ஒன்றின் முன் இப்படி ஒப்புக்கொண்டார்: அறுபதுகளிலும் எழுபதுகளிலும் தாமும் கணினி நிரல்கள் எழுதியவர்; ஆண்டுக்கு முன்னால் வரும் 19 என்ற இரண்டு இலக்கங்களை விட்டுவிட்டு இடத்தை மிச்சப்படுத்தியதில் அப்போது பெருமைப்பட்டவர். அந்தப் பெருமையைத் தவறென்று சொல்லிவிட முடியாது. அன்றைய துளை அட்டையில் 80 எழுத்துகளுக்குத்தான் இடம். கணினி நினைவகமோ யானை விலை. தவறு பிறகுதான் நேர்ந்தது. நினைவகம் மலிவான பின்பும் அந்தச் சிக்கனம் அப்படியே தொடர்ந்தது. எந்தெந்த வரிகளில் அது ஒளிந்திருக்கிறது என்று யாரும் குறித்து வைக்கவில்லை. 2000 நெருங்கியபோது, 00 என்ற ஆண்டை நிரல்கள் 1900 என்று எடுத்துக்கொள்ளுமோ என்ற அச்சம் எழுந்தது. எழுதியவர்கள் ஓய்வுபெற்றுப் போயிருக்க, வங்கிகளும் காப்பீட்டு நிறுவனங்களும் பழைய நிரல்களை வரி வரியாகத் தேட வேண்டியதாயிற்று. உலக அளவில் இதற்கு 30,000 கோடி முதல் 60,000 கோடி டாலர் வரை செலவாகும் என்று கார்ட்னர் என்ற ஆய்வு நிறுவனம் மதிப்பிட்டது. சென்னையிலும் பெங்களூருவிலும் மென்பொருள் நிறுவனங்கள் வேரூன்றியதில் அந்தத் தேடும் வேலைக்கும் ஒரு பங்கு உண்டு.

இந்த வரலாற்றிலிருந்து நான் எடுத்துக்கொள்வது இதுதான்: வணிக மென்பொருளில் எளிதாகத் திருத்த முடிவதே முதல் தகுதி. வேகம் முக்கியம்தான், ஆனால் எந்த இடத்தில் அது தேவை என்பதை அளந்து பார்த்து, அந்த இடத்தில் மட்டும் அதற்காக உழைக்க வேண்டும். பில் போடுவது, சம்பளம் கணக்கிடுவது, சரக்கிருப்புப் பார்ப்பது போன்ற வேலைகளில் கணக்கு கடினமானதல்ல. கடினம், விதிகள் மாறிக்கொண்டே இருப்பதில் இருக்கிறது. ஜிஎஸ்டியை எடுத்துக்கொள்வோம். 2017 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்தது. நான்கு மாதம் கழித்து நவம்பர் 10 அன்று குவாஹாட்டியில் கூடிய ஜிஎஸ்டி கவுன்சில், 178 வகைப் பொருள்களை 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதத்துக்குக் கொண்டுவந்தது. 15ஆம் தேதி முதல் அமல். நடுவில் ஐந்தே நாள். 2025 செப்டம்பர் 3 அன்று அறிவிக்கப்பட்ட பெரிய மாற்றம் 22ஆம் தேதி அமலுக்கு வந்தது. வரி விகிதங்களைத் தனி அட்டவணையில், அமலாகும் தேதியோடு வைத்திருந்த மென்பொருளில் இது சில மணி நேர வேலை. வேகம் கருதியோ அவசரம் கருதியோ விகிதத்தை நிரலின் நூறு இடங்களில் நேரடியாக எழுதி வைத்திருந்தால், ஐந்து நாளில் அத்தனையையும் தேடிப் பிடித்தாக வேண்டும்; ஒன்றைத் தவறவிட்டாலும் தவறான பில் வாடிக்கையாளர் கைக்குப் போய்விடும்.

இது நம் ஊருக்கு மட்டும் உரிய தொல்லையுமன்று. லியன்ட்ஸ், ஸ்வான்சன் என்ற இரு ஆய்வாளர்கள் 487 நிறுவனங்களில் விசாரித்து 1980இல் வெளியிட்ட முடிவின்படி, மென்பொருள் துறைகளின் உழைப்பில் ஏறத்தாழ பாதி பராமரிப்புக்கே போனது. அதிலும் பிழை திருத்தம் ஐந்தில் ஒரு பங்கு அளவில்தான். எல்லாவற்றிலும் பெரிய பங்கு, பயனாளர்கள் கேட்ட புதிய வசதிகளைச் சேர்ப்பதற்கானது.

வேகம் எங்கே தொலைகிறது என்பதையும் பார்க்க வேண்டும். 1971இல் கணினியியல் அறிஞர் டொனால்ட் நூத் ஏராளமான ஃபோர்ட்ரான் நிரல்களை ஆராய்ந்தார். பொதுவாக ஒரு நிரலின் 4 சதவீதத்துக்கும் குறைவான பகுதியே, அது ஓடும் நேரத்தில் பாதிக்கு மேல் எடுத்துக்கொள்வதைக் கண்டார். மிச்சமுள்ள பகுதியை எவ்வளவு முறுக்கினாலும் பெரிய பலன் இல்லை. வணிக மென்பொருளில் அந்தச் சிறு பகுதி பெரும்பாலும் டேட்டாபேஸோடு பேசும் இடமாக இருக்கிறது. 500 பில்களைத் திரையில் காட்ட வேண்டும். நிரல் முதலில் பில் பட்டியலைக் கேட்கிறது. பிறகு ஒவ்வொரு பில்லுக்கும் வாடிக்கையாளர் பெயரைத் தனித்தனியாகக் கேட்கிறது. ஒரு தடவையில் முடிய வேண்டிய வேலைக்கு 501 தடவை போய்வருகிறது. இரண்டு அட்டவணைகளையும் இணைத்து ஒரே கேள்வியாகக் கேட்டு, தேடும் பத்திக்கு இன்டெக்ஸ் போட்டால் போதும். திரை சட்டென்று வந்துவிடும். இதற்காக நிரலைப் புரியாததாக்கத் தேவையே இல்லை. தெளிவாக எழுதிய நிரலில்தான் இப்படிப்பட்ட இடம் உடனே கண்ணில் படுகிறது. பல வேளைகளில் வேகத்துக்குத் தெளிவே வழிவகுக்கிறது.

தட்கல் டிக்கெட் எடுக்கக் காலை 10 மணிக்குக் காத்திருப்பவரிடம் இதைச் சொல்ல முடியுமா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். அங்கே சில வினாடித் தாமதம் ஒரு குடும்பத்தின் பயணத்தையே கெடுத்துவிடும். ஆனால் ரயில் டிக்கெட்டுகளை இணையத்தில் விற்கும் ஐஆர்சிடிசியின் திறன் நிமிடத்துக்கு 2,000 டிக்கெட்டிலிருந்து 7,200 டிக்கெட்டாக உயர்ந்தது 2014இல் புதிய முன்பதிவு அமைப்பையே நிறுவியபோதுதான். நெரிசல் எங்கே என்று தெரிந்து, அந்த இடத்தைப் புதிதாகக் கட்டியதன் பலன் அது. வேகமே தொழிலாக இருக்கும் இடத்திலும் தெளிவு குறைந்தால் என்ன ஆகும் என்பதற்கு நைட் கேப்பிட்டல் சாட்சி. மின்னல் வேகப் பங்கு வணிகத்தில் இருந்த அந்த அமெரிக்க நிறுவனம், பல ஆண்டுகளாகப் பயன்படாத பழைய நிரல் பகுதியை நீக்காமல் விட்டிருந்தது. அதை இயக்கிய குறியையே ஒரு புதிய வேலைக்கும் எடுத்துக்கொண்டது. எட்டு சர்வர்களில் ஒன்றில் மட்டும் புதிய நிரல் ஏற்றப்படவில்லை. 2012 ஆகஸ்ட் 1 அன்று அந்த ஒரு சர்வரில் பழைய பகுதி விழித்துக்கொண்டது. சுமார் 45 நிமிடங்களில் 44 கோடி டாலருக்கு மேல் இழப்பு. அந்த நிறுவனம் தனியாக நிற்கவே முடியாமல் அடுத்த ஆண்டு இன்னொன்றுடன் இணைந்தது.

இன்னொரு மறுப்பு எனக்கு உள்ளபடியே கவலை தருவது. பராமரிப்பு என்ற பெயரில் அடுக்கின் மேல் அடுக்காகக் கட்டி, ஒரு பெயரை மாற்ற ஏழு கோப்புகளைத் திறக்கவைக்கும் நிரல்களும் உண்டு. அவை மெதுவாக ஓடுகின்றன; வாடகைச் சர்வர் கட்டணமும் மாதாமாதம் ஏறுகிறது. அது பராமரிப்பு ஆகாது. படிக்கிறவருக்குப் பாதை தெரியாத நிரல், எந்தக் காரணத்தைச் சொல்லி எழுதப்பட்டாலும், நாளை திருத்தப்போகிறவருக்குச் சுமைதான். அளந்து பார்த்த பிறகு ஓரிடத்தில் வேகத்துக்காகச் சிக்கலான வழியை எடுத்தே ஆக வேண்டும் என்றால் எடுக்கட்டும். ஏன் எடுத்தோம், எவ்வளவு மிச்சமாயிற்று என்று அதன் பக்கத்திலேயே எழுதி வைக்க வேண்டும்.

மென்பொருள் வாங்கும் கடைக்காரர்களும் ஆலை முதலாளிகளும் அரசு அலுவலகங்களும் இதில் கை கட்டி நிற்க வேண்டியதில்லை. செய்து காட்டும் நாளில் திரை எவ்வளவு சீக்கிரம் வருகிறது என்று பார்ப்பதோடு நிறுத்திவிடாதீர்கள். ஒரு வரி விகிதத்தை உங்கள் கண் முன்னே மாற்றிக் காட்டச் சொல்லுங்கள். இதை எழுதியவர் வேலையை விட்டுப் போய்விட்டால் வேறு யாரால் திருத்த முடியும் என்று கேளுங்கள். பதில் கிடைத்தால் அதை ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள்.