தண்ணீர் குடி என்போரே, மலசலகூடம் எங்கே?

"நாளொன்றுக்கு இரண்டு லீற்றர் தண்ணீர் அருந்தவும். நார்ச்சத்து மிகுந்த உணவுகளை உண்ணவும். தினமும் அரை மணிநேரம் நடக்கவும்."

வைத்தியசாலையிலிருந்து வீடு திரும்பிய அன்று எனக்குத் தரப்பட்ட காகிதத்தில் இருந்த மூன்று கட்டளைகள் இவை. சக்கர நாற்காலியில் இருந்த என் மடியின்மீதுதான் அக்காகிதத்தை வைத்தார்கள். மூன்றாவது கட்டளையில் எந்த முரண்பாடும் அவர்களுக்குத் தென்படவில்லை. பிறர் எழுதியவற்றைத் திருத்தியே வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்தவன் நான். வாசகன் யாரென்று எண்ணிப் பாராமல் எழுதப்பட்ட பிரதியை முதல் வரியிலேயே இனங்கண்டுகொள்வேன்.

எனக்குத் தசைத்தேய்வு நோய். இடுப்பிலும் தோளிலும் தொடங்கி மெல்ல மெல்லப் பரவும் வகை. அதனோடு வாழப் பழகிய பின்னர் வந்து சேர்ந்தது டைவர்ட்டிகுலைற்றிஸ். பெருங்குடலின் சுவர் பலவீனமான இடங்களில் வெளிப்புறமாகப் பிதுங்கிச் சிறு பைகள் உண்டாகின்றன. பலருக்கு அவை இருப்பதே தெரியாது. அவற்றுள் ஒன்று அழற்சியுற்றால் வயிற்று வலியும் காய்ச்சலும் வரும்; பை வெடித்தால் உயிருக்கே ஆபத்து. இவ்விரு நோய்களும் ஓருடலில் குடியிருக்கும்போது என்ன உண்பது? இக்கேள்விக்கு இரண்டு கிளினிக்குகளில் இரண்டு காகிதங்கள் கிடைத்தன. ஒன்று தவிடு நீக்காத தானியத்தை உண் என்றது. மற்றையது மென்மையான உணவையே உண் என்றது. ஒருவர் எழுதியதை மற்றவர் வாசித்ததாகத் தெரியவில்லை.

மருத்துவம் இவ்விடயத்தில் தன் கருத்தை மாற்றிக்கொண்ட வரலாறு சுவையானது. இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் இந்நோயாளர்களுக்குச் சக்கை குறைந்த உணவே விதிக்கப்பட்டது. 1971 இல் பெயின்ரர், பேர்க்கிற் ஆகிய இரு சத்திரசிகிச்சை நிபுணர்கள், இது நார்ச்சத்துக் குறைவால் மேலைநாகரிகத்துக்கு வந்த நோய் என்று பிரித்தானிய மருத்துவ சஞ்சிகையில் எழுதினர். உகண்டாவில் நெடுங்காலம் பணியாற்றியவர் பேர்க்கிற். அதன்பின் விதி தலைகீழாயிற்று. நேற்றுவரை விலக்கப்பட்ட தவிடு மருந்தாயிற்று.

விதைகளின் கதையும் இத்தகையதே. தக்காளி விதை, கத்தரி விதை, எள்ளு, நிலக்கடலை, சோளம் யாவும் குடற்பைகளுக்குள் சிக்கி அழற்சியை உண்டாக்கும் என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்பட்டது. 2008 இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகையில் வெளிவந்த ஆய்வு, ஏறக்குறைய 47,000 ஆண்களை 18 ஆண்டுகள் பின்தொடர்ந்தது. கொட்டைகளையும் சோளப்பொரியையும் உண்டோருக்கு இந்நோய் கூடுதலாக வரவில்லை, குறைவாகவே வந்திருந்தது. 2015 இல் அமெரிக்க இரைப்பை குடலியல் சங்கமும் இவற்றை விலக்குமாறு வழமையாக அறிவுறுத்த வேண்டாம் என்று கூறிற்று. ஆயினும் என்னைப் பார்க்க வருவோர் தக்காளியை எச்சரிக்காமல் விடைபெறுவதில்லை. "வாயைக் கட்டியிருந்தால் இது வந்திருக்குமா?" என்று கேட்டவரும் உண்டு. நோயாளியின் நாக்கே குற்றவாளி என்று முடிவுசெய்துவிட்டால் மற்றெவரும் பதில் சொல்லவேண்டியதில்லை அல்லவா?

சரி, நார்ச்சத்து நல்லது. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் நார் தன் வேலையைச் செய்வதற்குத் தண்ணீர் வேண்டும், அசைவு வேண்டும், முக்கித் தள்ளுவதற்கு வயிற்றுத் தசைகள் வேண்டும். எனக்கு மூன்றிலுமே பற்றாக்குறை. போதிய நீரின்றி ஏற்றப்படும் தவிடு, அசைவு குறைந்தவரின் குடலில் அடைப்பாகவே இறுகக்கூடும். தசைத்தேய்வு நோய்களுள் ஒன்றான டுஷேன் வகைக்கு 2018 இல் வெளிவந்த சர்வதேசப் பராமரிப்பு வழிகாட்டலும், நீரைக் கூட்டாமல் நாரைக் கூட்டினால் மலச்சிக்கல் மோசமாகலாம் என்று எச்சரிக்கிறது. விழுங்கும் தசைகள் தளர்ந்தவருக்கோ முரட்டுத் தானியம் தொண்டையிலேயே இடராகும்.

மறுபக்கமும் உண்டு. அழற்சி மூண்ட நாட்களில் குடலுக்கு ஓய்வு கொடுக்கத் திரவ உணவு தருவார்கள். ஓரிரு நாட்களுக்கு அது சரி. பயத்தினால் அதையே வாரக்கணக்கில் நீட்டினால், புரதமின்றிக் கரைவது இருக்கின்ற சொற்பத் தசையே. மற்றவர்கள் இழந்த தசையை நடந்து மீட்பார்கள். நாங்கள் எதைக்கொண்டு மீட்பது?

"முடியாவிட்டால் வெட்டி எடுத்துவிடலாம்" என்று இலகுவாகச் சொல்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. தசைத்தேய்வுள்ளோரிற் பலருக்கு மயக்கமருந்தே ஆபத்து. சில மருந்துகள் தசைநார்களைச் சிதைத்து, இரத்தத்தில் பொட்டாசியத்தை உயர்த்தி, இதயத்தை நிறுத்தக்கூடியவை. சுவாசத் தசைகள் தளர்ந்தவர் செயற்கைச் சுவாசத்திலிருந்து மீள்வதும் கடினம். ஸ்ரீரொயிட் மருந்தை நெடுங்காலம் உட்கொள்வோருக்குக் குடற்பை வெடிக்கும் அபாயம் அதிகம். வெடித்தாலும் வலியும் காய்ச்சலும் மங்கியே தெரியும். ஆகவே எங்களுக்கு உணவு என்பது கத்திக்கு முன்னுள்ள கடைசி அரண்.

அந்த அரணின் அத்திவாரம் தண்ணீர். இங்கேதான் நான் ஓர் உண்மையை ஒப்புக்கொள்ள வேண்டும். நான் பணியாற்றிய பத்திரிகை அலுவலகத்தில் ஆசிரியபீடம் மேல்மாடியில் இருந்தது. மலசலகூடம் கீழே. கைப்பிடியை இரு கைகளாலும் பற்றி ஒருமுறை ஏறுவதே எனக்குப் பெரும்பாடு. எனவே மாலை நான்கு மணிக்குப் பின் ஒரு மிடறும் குடிப்பதில்லை. நள்ளிரவுக்குப் பின், பக்கங்கள் அச்சுக்குப் போனதும் வீடு திரும்பியே தாகம் தீர்ப்பேன். இப்படியே பல ஆண்டுகள். இதைக் கட்டுப்பாடு என்று எண்ணிப் பெருமைப்பட்டிருக்கிறேன். குடற்பைகள் இதனால்தான் உண்டாயின என்று நான் சாதிக்கவில்லை. ஆனால் மலச்சிக்கல் அந்த மாடிப்படியில் ஆரம்பித்தது என்பதை அறிவேன்.

இது என் ஒருவனின் கதையன்று. திருமண மண்டபத்துக்கு வரும் சக்கர நாற்காலிக்காரர் ஏன் சோடாவை மறுக்கிறார் என்று நீங்கள் சிந்தித்ததுண்டா? பணிமனைகளிலும் நீதிமன்றங்களிலும் பேருந்து நிலையங்களிலும் காலை முதல் வரண்ட நாக்கோடு காத்திருப்போரைக் கண்டதுண்டா? இலங்கையில் மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்க 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. பொதுக் கட்டிடங்களின் அணுகுவசதி பற்றிய ஒழுங்குவிதிகள் 2006 இல் வெளிவந்தன. ஐக்கிய நாடுகளின் சமவாயத்தையும் 2016 இல் நாடு ஏற்று உறுதிப்படுத்திற்று. சட்டத்துக்குக் குறைவில்லை. கதவின் அகலத்துக்குத்தான் குறை.

இப்போது நான் உண்பதையும் சொல்லிவிடுகிறேன். இது எவருக்கும் விதியன்று. என் வைத்தியரோடு பேசி வகுத்துக்கொண்டது. அழற்சி நாட்களில் கஞ்சித் தெளிவு. வலி தணிந்ததும் இடியப்பமும் சொதியும், குழைந்த சோறும், முட்டையும் மீனும். பின்னர் மூன்று நாட்களுக்கு ஒன்றாக அவித்து மசித்த பயறு, கீரை, பப்பாசிப்பழம், குரக்கன், இறுதியிற் சிவப்பரிசி. காலை உணவுக்குப் பின்னர் குடல் தானாகவே அசையும் வேளையில், முழங்கால் உயரும்படி பாதங்களுக்குக் கீழே சிறு பலகை வைத்து, அவசரமின்றி அமர்கிறேன். தண்ணீரோ மணிக்கு ஒரு குவளை.

அந்தக் குவளையை எடுத்துத் தருபவர் என் மனைவி. நாற்காலியிலிருந்து என்னைத் தூக்கி மாற்றுபவர் என் மகன். இவ்விரு சோடிக் கைகளும், வாசற்படியை இடித்து அகலமாக்கிய குளியலறையும் இல்லையென்றால் குரக்கனும் கீரையும் எனக்கு என்ன செய்யும்? இவை எதுவுமே இல்லாதவருக்கும் அதே காகிதம்தான் நீட்டப்படுகிறது. அவர் மீண்டும் நோயுற்று வந்தால், "சொன்னதைக் கேட்கவில்லை" என்று கோவையில் எழுதப்படுகிறது.

எனவே உணவு அட்டவணை எழுதுவோரிடம் ஒரு பழைய பத்திரிகைக்காரனின் வேண்டுகோள். தண்ணீர் குடி என்று எழுதுமுன் நோயாளியிடம் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். குவளையை யார் எடுத்துத் தருவார்? உங்களை யார் தூக்குவார்? மலசலகூடத்தின் வாசலில் எத்தனை படிகள்?

பதிலைக் கேட்டபின் எழுதுங்கள். அப்போது அதற்குப் பெயர் சிகிச்சை.